1941 டிசம்பர் 8: உலகப் போரின் ஒரே நாளை எல்லா முனைகளிலும் தொகுப்பது எப்படி?

உலகப் போரைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு போர்முனையைப் பிடித்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை போவார்கள். இங்கே சொல்லப்போவது அதற்குக் குறுக்கே போகும் வேலை. ஒரு தேதியை எடுத்து, அன்று பூமியின் ஒவ்வொரு மூலையிலும் என்ன நடந்தது என்று ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். வரலாற்று ஆசிரியர்கள், வலைப்பதிவர்கள், போர் விளையாட்டு உருவாக்குபவர்கள், தாத்தா எந்த முனையில் இருந்தார் என்று தேடுபவர்கள் என யாருக்கும் இது பயன்படும்.

பயிற்சிக்கு 1941 டிசம்பர் 8 நல்ல நாள். நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கிய 1944 ஜூன் 6 எளிது என்று தோன்றும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அந்த நாளை எடுத்தால் நார்மண்டி அவரை விழுங்கிவிடும். அட்டவணையில் எண்பது வரி நார்மண்டி, மீதி உலகத்துக்கு நான்கு வரி என்று முடியும். டிசம்பர் 8 அப்படி ஒரு பக்கமாகச் சாயாது. தவிர, சர்வதேசத் தேதிக்கோட்டின் இரு பக்கமும் போர் நடந்த நாள் அது. இதில் கடிகாரத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்துவிட்டால் வேறு எந்த நாளும் சிரமம் தராது.

தேவையானவை: எக்செல் அல்லது கூகுள் ஷீட், கூகுள் எர்த் போன்ற ஒரு வரைபடக் கருவி, ஒரு பழைய உலக வரைபடம். முதல் சுற்றுக்கு 30 வரிகள் போதும். 200 வரி சேர்த்த பிறகு நேரத்தைத் திருத்துவது நரகம்.

முதலில் 24 மணி நேரத்தை வரையறுங்கள்

"டிசம்பர் 8" என்றால் யாருடைய டிசம்பர் 8? ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தபோது அங்கே 7, தோக்கியோவில் 8. மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஒவ்வோர் இடத்திலும் உள்ளூர்த் தேதி 8 ஆக இருந்த நேரத்தை மட்டும் எடுப்பது. கேட்க நன்றாக இருக்கும்; ஆனால் பேர்ல் ஹார்பர் வெளியே போய்விடும். இரண்டாவது, கிரீன்விச் நேரப்படி 8 ஆம் தேதி 00:00 முதல் 24:00 வரை. இதில் பேர்ல் ஹார்பரோடு, மலாயாவில் ஜப்பானியர் இறங்கிய கோட்டா பாருவும் குண்டு விழுந்த சிங்கப்பூரும் சேர்ந்து வெளியே போகும். மூன்றாவது, அந்த நாளை இயக்கியவர்களின் கடிகாரத்தை எடுத்துக்கொள்வது. இந்த நாளுக்கு அது தோக்கியோ. டிசம்பர் 2 அன்று ஜப்பானியக் கப்பற்படைக்குப் போன ரகசியக் கட்டளை "நீடகா மலையில் ஏறு 1208". கடைசி நான்கு இலக்கங்கள் தோக்கியோத் தேதியான 12 ஆம் மாதம் 8 ஆம் நாளைக் குறிக்கின்றன. ஹவாய்க்குப் போன ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களும் பசிபிக்கின் நடுவிலும் தோக்கியோ நேரத்தையே வைத்துக்கொண்டன.

ஆகவே நம் நாள், தோக்கியோவில் 8 ஆம் தேதி 00:00 முதல் 24:00 வரை. கிரீன்விச்சில் அது 7 ஆம் தேதி 15:00 முதல் 8 ஆம் தேதி 15:00 வரை. இதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். பிடித்த நிகழ்ச்சி ஒன்று அரை மணியில் தவறுகிறதே என்று எல்லையை இழுக்கக் கூடாது. ஒருமுறை இழுத்தால் பிறகு நிற்காது.

கடிகாரம்: பாதிப் பிழைகள் இங்கேதான்

போர்க்காலத்தில் நாடுகள் நேரத்தை இஷ்டப்படி மாற்றின. இன்றைய நேர மண்டலத்தைப் போட்டுக் கணக்கிட்டால் அரை மணி முதல் ஒரு மணி வரை தவறும். 1941 டிசம்பர் 8 அன்று கிரீன்விச் நேரத்திலிருந்து இருந்த வித்தியாசம், மணிக்கணக்கில்:

ஹவாய்: −10.5 (இன்று −10)
வாஷிங்டன்: −5
லண்டன்: +1 (போர்க்காலத்தில் குளிர்காலத்திலும் கோடை நேரம்)
ஜெர்மனியும் ஜெர்மன் படைகளும்: +2 (1940 ஏப்ரல் முதல் 1942 நவம்பர் வரை விடாமல் கோடை நேரம்)
எகிப்து: +2
மாஸ்கோ: +3
மலாயா, சிங்கப்பூர்: +7.5 (1941 செப்டம்பர் 1 முதல், அதற்கு முன் 7 மணி 20 நிமிடம்)
மணிலா: +8
ஹாங்காங்: +8.5 (அக்டோபர் முதல்)
தோக்கியோ, எங்கிருந்தாலும் ஜப்பானியக் கடற்படை: +9

வேறு நாளையோ இடத்தையோ எடுப்பவர்கள் கணினிகள் பயன்படுத்தும் ஐயானா நேர மண்டலத் தரவுத்தளத்தைப் பாருங்கள். பழைய மாற்றங்கள் அதில் தேதி வாரியாக உள்ளன. இந்தியாவை எடுக்கிறவர்கள் கூடுதல் கவனம் வையுங்கள். போர் ஆண்டுகளில் இந்திய நேரம் ஒரு மணி முன்னும் பின்னும் தள்ளப்பட்டது.

ஷீட்டில் சூத்திரம் எளிது: கிரீன்விச் நேரம் என்பது உள்ளூர்த் தேதியும் நேரமும் கழித்தல் (வித்தியாசம் வகுத்தல் 24). வித்தியாசத்தைத் தசமத்தில் போட வேண்டும். மலாயாவுக்கு 7.5, பலர் 7.30 என்று அடித்துவிடுகிறார்கள், பன்னிரண்டு நிமிடம் போய்விடும். ஹவாயின் வித்தியாசம் எதிர்மறை எண் என்பதால் கழிக்கும்போது கூடும். குறியை விட்டால் 21 மணி நேரம் தவறும். நேரக் கட்டத்தில் தேதியையும் சேர்த்து அடியுங்கள். நேரம் மட்டும் இருந்தால் நள்ளிரவைத் தாண்டும் கணக்குகள் உடையும். காலை, மாலை வேண்டாம். 24 மணி நேர முறையே வேண்டும்.

இப்போது சோதனைக் கணக்கு. கோட்டா பாருவில் ஜப்பானியக் கப்பல்கள் கரைக்கு அருகே வந்தது உள்ளூர் நேரம் 8 ஆம் தேதி சுமார் 00:25. ஏழரை மணியைக் கழித்தால் கிரீன்விச் 7 ஆம் தேதி 16:55. பேர்ல் ஹார்பரில் முதல் குண்டுகள் 7 ஆம் தேதி 07:55; பத்தரை மணி கூட்டினால் 18:25. ஆக மலாயாவில் சண்டை ஹவாய்க்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது. பேர்ல் ஹார்பர் வாயிலில் வார்ட் என்ற நாசகாரிக் கப்பல் குட்டி நீர்மூழ்கி ஒன்றைச் சுட்டது 06:45 அளவில், அதாவது கிரீன்விச் 17:15. அதுவும் கோட்டா பாருவுக்குப் பிந்தியதே. உங்கள் ஷீட்டில் இந்த மூன்றும் இதே வரிசையில் வரவில்லை என்றால் சூத்திரத்தில் பிழை.

வேக் தீவும் மிட்வே தீவும் இன்னொரு சோதனை. வேக், தேதிக்கோட்டுக்கு மேற்கே. அங்கே குண்டு விழுந்தது 8 ஆம் தேதி நண்பகல். மிட்வே கிழக்கே. அங்கே இரண்டு ஜப்பானிய நாசகாரிகள் பீரங்கியால் சுட்டது 7 ஆம் தேதி இரவு. தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் மிட்வே முதலில் வரும். உண்மையில் வேக்கில் குண்டு விழுந்து பல மணி நேரம் கழித்துத்தான் மிட்வே.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கப்பல் நங்கூரம் போட்டது, படகுகள் இறங்கியது, முதல் குண்டு வெடித்தது, கால் மணலில் பட்டது எல்லாமே "தரையிறக்கம் தொடங்கியது" என்று எழுதப்பட்டிருக்கும். கோட்டா பாருவுக்கு ஜப்பானியப் பக்கத்தில் 01:30 என்றும் 02:15 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் தோக்கியோ நேரம். முரண்பாடு என்று ஒன்றை அடித்துவிடாதீர்கள். எந்தச் செயலின் நேரம் என்பதைக் குறித்து, தனித்தனி வரியாகப் போடுங்கள்.

பழைய ராணுவத் தந்திகளில் 081235 போன்ற ஆறு இலக்கங்கள் தென்படும். முதல் இரண்டு தேதி, அடுத்த நான்கு நேரம். பின்னால் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால் அது நேர மண்டலம்: இசட் என்றால் கிரீன்விச், ஏ என்றால் ஒரு மணி கூட, பி என்றால் இரண்டு. அந்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்து எழுதுவது பழகியவர்களும் செய்கிற தவறு.

அட்டவணையின் பத்திகள்

இவ்வளவு போதும்: வரிசை எண், முனை, இடம் (அன்றைய பெயர்), இடம் (இன்றைய பெயர்), உள்ளூர்த் தேதி–நேரம், வித்தியாசம், கிரீன்விச் நேரம், நேரத் துல்லியம், யார், என்ன நடந்தது (இரண்டு வாக்கியத்துக்குள்), ஆதாரம், ஆதாரம் எழுதப்பட்ட தேதி, செய்தி எப்போது, யாருக்குத் தெரிந்தது.

துல்லியத்துக்கு நான்கு படி வைத்துக்கொள்ளுங்கள். அ: நிமிடம் தெரியும். ஆ: மணி தெரியும். இ: காலை, இரவு என்று பொழுது தெரியும். ஈ: நாள் மட்டும் தெரியும். கிழக்கு முனையில் தற்காப்புக்கு மாறச் சொன்ன ஹிட்லரின் 39 ஆம் எண் கட்டளையில் தேதி மட்டுமே உங்களுக்குக் கிடைத்தால் அது "ஈ". அதற்கு 12:00 என்று போட்டு நிரப்பினால் பிறகு வரிசைப்படுத்தும்போது அது நண்பகல் நிகழ்ச்சியாகவே உறைந்துவிடும். நேரக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

கடைசிப் பத்தி பலருக்கு அநாவசியமாகப் படும். ஆனால் இந்த நாளின் முடிச்சே அங்கேதான். சர்ச்சில் பேர்ல் ஹார்பர் செய்தியைக் கேட்டது பிபிசியின் இரவு 9 மணிச் செய்தியில். கிரீன்விச் 20:00, குண்டு விழுந்து 95 நிமிடம் கழித்து. வாஷிங்டனில் பகல் 1 மணிக்குக் கொடுக்கப்பட வேண்டிய ஜப்பானின் கடைசிக் குறிப்பு 2:20 மணிக்குத்தான் கொடுக்கப்பட்டது. கிரீன்விச் 19:20, அதாவது குண்டு விழுந்து 55 நிமிடம் கழித்து. மணிலாவுக்கு விடியும் முன்பே செய்தி வந்துவிட்டது. ஆனால் பிலிப்பைன்ஸின் கிளார்க் விமானத் தளத்தில் விமானங்கள் தரையில் இருக்கும்போதே 12:35 மணிக்குக் குண்டு விழுந்தது. பேர்ல் ஹார்பருக்குப் பத்து மணி நேரத்துக்கும் பிறகு. ஃபார்மோசாவில் (தைவான்) விடியற்காலை மூடுபனி ஜப்பானிய விமானங்களைத் தரையில் நிறுத்தியதால்தான் அவ்வளவு நேரம் ஆனது. நிகழ்ந்த நேரம், தெரிந்த நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் யார் தூங்கினார், யாருக்கு எட்டவே இல்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முனைகளைக் கிழக்கிலிருந்து நிரப்புங்கள்

சூரியன் போகும் திசையில் போவது வசதி. பசிபிக்கில் தொடங்கி மேற்கே நகருங்கள்.

ஹவாய்க்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: ரேடார் நிலையம் விமானக் கூட்டத்தைக் கண்டது (07:02), முதல் அலை (07:55), அரிசோனா கப்பல் வெடித்தது, இரண்டாம் அலை (ஒன்பது மணிக்குச் சற்று முன்), இழப்பு. இறந்த அமெரிக்கர்கள் 2,403; அதில் அரிசோனாவில் மட்டும் 1,177. இந்த இடத்தைப் பற்றித் தகவல் கொட்டிக் கிடக்கிறது என்பதாலேயே கை கட்டுப்பட வேண்டும்.

மலாயாவுக்கு இடம் கொடுங்கள். கோட்டா பாருவின் சபாக், படாங் கரைகளில் காவல் இருந்தது இந்திய ராணுவத்தின் 8 ஆவது பிரிகேட்டைச் சேர்ந்த டோக்ரா ரெஜிமெண்ட் பட்டாலியன். இறங்கியது மேஜர் ஜெனரல் டகுமியின் படைப்பிரிவு, மூன்று போக்குவரத்துக் கப்பல்களில். ஆஸ்திரேலிய விமானப் படையின் 1 ஆவது ஸ்குவாட்ரன் ஹட்சன் விமானங்கள் தாக்கியதில் அவாஜிசான் மாரு கப்பல் தீப்பற்றியது. அன்று மாலைக்குள் விமானத் தளம் கைவிடப்பட்டது. இதே வேளையில் முக்கியப் படை இறங்கியது தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டானியிலும். சில மணி நேரச் சண்டைக்குப் பின் தாய்லாந்து அரசு எதிர்ப்பை நிறுத்தியது. சிங்கப்பூரில் 04:15 அளவில் (கிரீன்விச் 20:45) குண்டு விழுந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மாலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. புறப்பாடு மட்டும்தான் நம் நாளுக்குள் வரும்.

ஹாங்காங்கில் காய் டாக் விமானத் தளம் 08:00. அன்றைய எட்டரை மணி வித்தியாசத்தில் கிரீன்விச் 23:30. பேர்ல் ஹார்பருக்கு ஐந்து மணி நேரம் பின்பு. இதற்கு வேறு இடைவெளி சொல்லும் பக்கங்கள் பெரும்பாலும் இன்றைய நேர மண்டலத்தைப் போட்டிருக்கும், அல்லது கணக்கே போட்டிருக்காது. ஷாங்காயில் பிரிட்டிஷ் துப்பாக்கிப் படகு பெட்டரல் மூழ்கடிக்கப்பட்டது. அமெரிக்கப் படகு ஒன்று சண்டையின்றிப் பிடிபட்டது. அந்தப் படகின் பெயர் வேக். வேக் தீவும் அதே நாளில் தாக்கப்பட்டதால் தேடுபொறியில் இரண்டும் கலந்து வரும். முனைப் பத்தியில் "ஷாங்காய்" என்று போட்டுப் பிரித்து வையுங்கள்.

சீனாவை வெற்றிடமாக விடக் கூடாது. அங்கே போர் 1937 ஜூலையிலிருந்தே நடந்துவருகிறது. பெரிய தாக்குதல் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் "முனை நிலையாக உள்ளது" என்று ஒரு வரி எழுதுங்கள். அமைதியாக இருந்த முனையும் ஒரு தகவல்தான். லட்சக்கணக்கான வீரர்கள் அன்று ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார்கள்; அட்டவணையில் வெடித்தது மட்டும் இருந்தால் நாள் பொய்யாகிவிடும்.

சோவியத் முனையில் இரண்டு கடிகாரங்கள். எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் ஜெர்மானியருக்கு 8 மணி என்றால் ரஷ்யருக்கு 9. மாஸ்கோ எதிர்த்தாக்குதல் டிசம்பர் 5 அன்று கலீனின் முனையிலும் 6 அன்று சோவியத் தளபதி ஜுக்கோவின் மேற்கு முனையிலும் தொடங்கிவிட்டது. 8 அன்று மாஸ்கோவுக்கு வடமேற்கே கிரியுக்கோவோ மீட்கப்பட்டது. அதே தேதியிட்ட கட்டளை எண் 39 மூலம் ஹிட்லர் கிழக்கில் பெரிய தாக்குதல்களை நிறுத்தித் தற்காப்புக்கு மாறச் சொன்னார். வடக்கே திக்வினுக்கான சண்டை முடியும் தறுவாயில். ஊரைச் சோவியத் படை மீட்டதாகச் சொல்லப்படும் தேதி 9. லெனின்கிராட் முற்றுகைக்கு அன்று சரியாக மூன்று மாதம். நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அமலில் இருந்த ரொட்டி ரேஷன்: தொழிலாளிக்கு 250 கிராம், மற்றவர்களுக்கு 125 கிராம். இதற்கு நேரம் கிடையாது, சண்டையும் கிடையாது. ஆனாலும் வரி உண்டு.

வட ஆப்பிரிக்கா வேலையில் இளைப்பாறும் இடம். பிரிட்டிஷ், ஜெர்மன், இத்தாலியப் படைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம். நவம்பர் 18 அன்று தொடங்கிய குருசேடர் என்ற பிரிட்டிஷ் தாக்குதல் நடவடிக்கையின் கடைசிக் கட்டம் அது. 7 ஆம் தேதி ஜெர்மன் தளபதி ரோமல் கசாலாவை நோக்கிப் பின்வாங்க முடிவெடுத்தார்; 8 அன்று படைகள் நகர்ந்துகொண்டிருந்தன. லிபியத் துறைமுகமான டோப்ருக்கின் முற்றுகை எப்போது விலகியது என்பதற்கு நவம்பர் இறுதி என்றும் டிசம்பர் முதல் பத்து நாட்களுக்குள் என்றும் வெவ்வேறு தேதிகள் கிடைக்கும். முதல் முறை தொடர்பு கிடைத்து, அறுந்து, மறுபடி கிடைத்ததால் வந்த வேறுபாடு. நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

தளபதி இல்லாத முனை

புதியவர்களின் பட்டியல் பெரும்பாலும் இங்கே ஓட்டையாகிறது. போர்முனை என்றால் இரண்டு படைகள் மோதும் கோடு என்று வைத்துக்கொண்டால் அந்த நாளின் கொடூரமான பகுதி அட்டவணைக்குள் வரவே வராது.

ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்த போலந்தின் ஹெல்ம்னோவில் 1941 டிசம்பர் 8 அன்று நச்சுப்புகை வண்டிகளில் யூதர்களைக் கொல்வது தொடங்கியது. பக்கத்து ஊரான கோவோவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் முதலில் பலியானார்கள். அந்த முகாமில் பின்னர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே நாளில் லாட்வியாவில் ரீகாவுக்கு வெளியே ரும்புலா காட்டில் இரண்டாம் சுற்றுச் சுட்டுக்கொலை. முதல் சுற்று நவம்பர் 30. இரண்டு நாளிலும் சேர்த்துச் சுமார் 25,000 பேர். இன்றைய பெலாரசில் உள்ள நோவோகுருடோக்கிலும் அன்று ஆயிரக்கணக்கான யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

மூன்று இடமும் மூன்று தனி வரிகள். பேர்ல் ஹார்பர் நடந்த அதே 24 மணி நேரத்தில் இவை நடந்தன என்பது தனித்தனியாகப் படித்தவர்களுக்குக்கூடப் பல வருடம் கண்ணில் படாது. நாள்வாரித் தொகுப்பு செய்வதற்கு எங்களைக் கேட்டால் இதுவே போதுமான காரணம்.

எண்களைப் பிரிக்காதீர்கள்

ரும்புலாவின் 25,000 ஐ இரண்டால் வகுத்து 8 ஆம் தேதிக்கு 12,500 என்று போடத் தோன்றும். போடாதீர்கள். மாத இறப்பை 31 ஆல் வகுத்து ஒரு நாள் இறப்பு என்று காட்டுவதும் அப்படியே. தொகுப்பு எண்ணைத் தொகுப்பு எண்ணாகவே, அதன் கால அளவோடு எழுதுங்கள்.

இதற்கென்றே ஷீட்டில் "பின்னணி" என்று தனித் தாள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் நடக்காமல் நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தவை அங்கே போகும்: லெனின்கிராட் ரேஷன், லெனின்கிராடுக்கு உணவு கொண்டுபோன லடோகா ஏரிப் பனிப்பாதையில் லாரிகள், ஜெர்மன் முகாம்களில் பட்டினியிலும் குளிரிலும் இறந்துகொண்டிருந்த சோவியத் போர்க்கைதிகள். 1941 ஜூன் முதல் 1942 பிப்ரவரிக்குள் அந்தக் கைதிகளில் சுமார் 20 லட்சம் பேர் இறந்தனர். எந்த ஒரு நாளுக்கும் அதில் தலைப்புச் செய்தி இல்லை.

ஆதாரங்கள்: எதை எங்கே தேடுவது

பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்கு அடிப்படை ஆவணம் பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. சி.2118 என்ற ராணுவப் படிவத்தில் இடம், தேதி, மணி, நிகழ்ச்சிச் சுருக்கம் என்று பத்திகள் இருக்கும். நமக்கு அப்படியே எடுத்துப் போட வசதி. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மத்திய கிழக்குப் படைகளுடையவை டபிள்யூஓ 169 வரிசையிலும், தென்கிழக்கு ஆசியாவுடையவை டபிள்யூஓ 172 வரிசையிலும் உள்ளன. முதல் உலகப் போரின் நாட்குறிப்புகளைப் போல இவை பெருமளவில் இணையத்தில் ஏறவில்லை. நேரில் போகிறவர் வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு தன் கேமராவில் இலவசமாகப் படம் எடுக்கலாம்.

மலாயாவில் ஒரு சிக்கல் உண்டு. சரணடைந்தபோது பல ஆவணங்கள் அழிக்கப்பட்டன. பின்னால் கைதி முகாமிலும் போருக்குப் பிறகும் நினைவிலிருந்து எழுதியவை அவற்றின் இடத்தில் உள்ளன. "ஆதாரம் எழுதப்பட்ட தேதி" என்ற பத்தி இதற்காகத்தான். மலாயாவின் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவலின் அறிக்கை லண்டன் கெஜட் என்ற அரசிதழில் 1948 இல் வெளியானது, இணையத்தில் இலவசம். அதில் நிமிடக் கணக்கு இருந்தாலும் ஆறு ஆண்டு கழித்து வெளியானது என்பதை மறக்கக் கூடாது.

ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் ஏடபிள்யூஎம் 52 வரிசை (ஆஸ்திரேலியப் படைகளின் போர் நாட்குறிப்புகள்) இணையத்தில் இலவசம். ஆஸ்திரேலிய விமானப் படைப் பதிவுகள் அந்நாட்டுத் தேசியக் காப்பகத்தின் ஏ9186 வரிசையில். ஜப்பானிய ஆவணங்களுக்கு ஜகார் எனப்படும் ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் தளம். ஜப்பானிய எழுத்தில் ஊர்ப் பெயரை ஒட்டித் தேடினால் பலன் கூடும். ஜெர்மன் தரைப்படை ஆவணங்களின் மைக்ரோஃபிலிம் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில்: டி–312 ஆர்மிகள், டி–313 பான்சர் ஆர்மிகள், டி–314 கோர்கள், டி–315 டிவிஷன்கள். பேர்ல் ஹார்பருக்கு அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டு விசாரணையின் 39 பாகங்கள் போதும், தேவைக்கு அதிகமாகவே போதும்.

1944 ஜூன் 6 க்குப் பிந்திய நாளை எடுப்பவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம்: அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் மேற்கு ஐரோப்பிய முனையின் அன்றாட நிலவரைபடங்கள் 1945 ஜூலை 26 வரை இணையத்தில் உள்ளன.

பத்திரிகைகளுக்கு ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இரண்டும் நன்றாக இருக்கின்றன. பத்திரிகையின் தேதி நிகழ்ச்சியின் தேதி அல்ல. காலைப் பதிப்பு என்றால் முந்தைய நாள் மாலை வரைதான். மாஸ்கோவின் அரசுச் செய்தி அமைப்பான சோவின்ஃபார்ம்பியூரோவின் அறிக்கை, ஜெர்மன் ராணுவத் தலைமையின் தினசரி அறிக்கை இரண்டையும் என்ன நடந்தது என்பதற்கு எடுக்க வேண்டாம். மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதற்கு எடுங்கள்.

இறந்த வீரர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இறந்த தேதியை வைத்துத் தேடலாம். மலாயா, ஹாங்காங் பதிவுகளில் ஒரே நாளாக இல்லாமல் "இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையே" என்று இருப்பதுண்டு. 8 என்று மட்டும் தேடினால் அவை கணக்கில் சரியாக விழாது. தமிழ் வீரர்களைத் தேடுகிறவர் பெயரை விட ரெஜிமெண்டை வைத்துத் தொடங்குங்கள், உதாரணமாக மதராஸ் சப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. முருகன், ஆறுமுகம் போன்ற பெயர்கள் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். தந்தை பெயரும் ஊரும் கூடுதல் குறிப்பில் இருந்தால் அதிர்ஷ்டம். மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதால் பெரும்பாலும் அங்கே கிடைக்க மாட்டார்கள்.

வரைபடத்தில் போடும்போது

ஊர்ப் பெயரைக் கொடுத்து ஒரே அழுத்தலில் புள்ளிகளாக மாற்றும் வசதியை நம்ப வேண்டாம். போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் ஹெல்ம்னோ என்றே வேறு நகரம் இருக்கிறது. முகாம் இருந்தது நேர் ஆற்றங்கரைக் கிராமத்தில், வூட்ஜ் நகருக்கு வடமேற்கே. கிழக்கே ஹெவ்ம் என்று மூன்றாவது ஓர் ஊர். மூன்றையும் குழப்பினால் புள்ளி நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி விழும். கலீனின் என்று அடித்தால் கலீனின்கிராடைக் காட்டும். நமக்கு வேண்டியது இன்றைய த்வேர். சிங்கோரா என்றால் சொங்க்லா. கோட்டா பாருவைப் பழைய ஆவணங்கள் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதும். 30 வரிக்கு அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் போட ஒரு மாலைப் பொழுது ஆகும், அவ்வளவுதான். கடலில் நடந்தவற்றுக்குப் புள்ளிக்குப் பதில் வட்டம் போடுங்கள்.

உலக வரைபடத்தை பசிபிக் நடுவில் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். அட்லாண்டிக்கை நடுவில் வைத்த படத்தில் ஹவாய் ஓர் ஓரத்திலும் வேக் மறு ஓரத்திலும் போய், அடுத்தடுத்த தாக்குதல்கள் உலகின் இரு முனையில் நடந்ததுபோல் தெரியும்.

எல்லைக்கு வெளியே விழுந்தவை

கிரீன்விச் பத்தியை வைத்து வரிசைப்படுத்தி மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படியுங்கள். 7 ஆம் தேதி 15:00 க்கு முன்னும் 8 ஆம் தேதி 15:00 க்குப் பின்னும் விழுந்தவற்றை அழிக்காமல் "முந்தைய நாள்", "மறுநாள்" என்ற தாள்களுக்கு நகர்த்துங்கள். ஜப்பானியப் படைக்கப்பல்களை நெருங்கிய பிரிட்டிஷ் கட்டலீனா விமானம் 7 ஆம் தேதி பகலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் தொடங்கும் முன்பே நடந்ததால் அது முந்தைய நாள் தாளில். ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் பேசியது வாஷிங்டன் நேரம் 8 ஆம் தேதி 12:30, கிரீன்விச் 17:30, வெளியே. அவர் போர் அறிவிப்பில் கையெழுத்திட்ட 16:10 இன்னும் தள்ளி. திக்வின் மீட்பும் சீனாவின் முறையான போர் அறிவிப்பும் 9. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் மூழ்கியது 10. அமெரிக்கா மீது ஜெர்மனி போர் அறிவித்தது 11. பிரிட்டன் ஜப்பான் மீது போர் அறிவித்தது 8 அன்றே, அமெரிக்காவுக்கு முந்தி. மணி உறுதியாகும் வரை துல்லியப் பத்தியில் "ஈ" போட்டு உள்ளேயே வையுங்கள்.